தார் பூசிய முளைகள்

கள்ளக்குறிச்சி,
5.10.1987

சுப்புராயனுக்கு,

நான் போலீசுக்குப் பாலம் போட்டுக் கொடுத்து உன்னைப் பிடித்துக் கொடுத்தேன் என்று கடைத்தெரு வரை பேசுகிறார்கள். அது தவறு. போலீஸ் ஜீப் என் பலகைகள் மேல் ஏறித்தான் உங்கள் ஊருக்குள் வந்தது. அது உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை நீ யார் வாயிலிருந்தோ கேட்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது நல்லது. கண்டதை மட்டும் எழுதுகிறேன். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது என்று கான்வென்டில் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டிக் கற்றுக்கொடுத்தார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு நீங்கள் நடத்திய சாலை மறியலின் மூன்றாம் நாள், சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்குப் பாறைவளவு வேடியப்பன் நம் பட்டறை வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றான். அவன் மகளுக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. தூளியில் கட்டி மலையிலிருந்து இறக்கி, கச்சிராயபாளையத்தில் ஒரு வேன்காரரைக் கெஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். வழியில் வெட்டிப் போட்டிருந்த மரங்களை மறியலில் இருந்தவர்களே புரட்டி வழிவிட்டார்களாம். பட்டறைக்கு முக்கால் மைல் மேற்கே, சாலையை வெட்டிய பள்ளத்தில் வேன் நின்றுவிட்டது. "ஓடைக்குப் போட்ட பலகைய இங்கயும் போடுங்கம்மா" என்றான்.

மாற்றுக்காக வைத்திருந்த பத்தடிச் சிமெண்ட் பலகைகள் மூன்றையும் அம்மாசி மாட்டு வண்டியில் ஏற்றினான். நானும் போனேன். பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் ஆட்கள்தான் தூக்கி வைக்கக் கை கொடுத்தார்கள். எட்டு பேர் தோளில் தூக்கலாம், நினைத்த இடத்தில் பூட்டலாம், நினைத்தபோது கழற்றலாம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோமே, அன்று அரை மணி நேரத்தில் பூட்டிவிட்டோம். வேன் ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனது.

உடனே ஒருவர் சொன்னார்: "வண்டி போயிடுச்சிம்மா. எடுத்துடலாம்."

"போன வண்டி திரும்பி வரட்டும்" என்றேன்.

"அது எப்ப வருமோ. அதுக்குள்ள போலீஸ்காரன் வந்துட்டா?"

நான் எடுக்க விடவில்லை. பாரம் திரும்பாமல் பலகையைத் தூக்கக் கூடாது என்பது யார் வைத்த விதி என்று உனக்குத் தெரியும். அவர்கள் முணுமுணுத்தார்கள், வயதானவள் என்று விட்டுவிட்டார்கள். நாலு மணிக்கு ஜீப் வந்தது. வேன் மறுநாள் காலைதான் திரும்பியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நான் பாலம் கொடுக்கவில்லை, எடுக்காமல் விட்டேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உன்னை உன் வீட்டு வாசலில் பிடித்தார்கள் என்று தெரிந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பள்ளத்தின் நான்கு மூலையும் மட்டம் வைத்ததுபோல் நேராக இருந்தன. வெட்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வெட்டியவரை நான் பார்க்கவில்லை என்றேன். பார்க்கவில்லைதான்.

இனி வேறு விஷயம். பலகைகளைப் பூட்டும்போது அம்மாசி கையிலிருந்து ஒரு போல்ட் என் காலடியில் விழுந்தது. எடுத்தேன். கனமே இல்லை. நகத்தால் கீறினேன். தார் பூசிய மரக்கட்டை. மற்றவற்றையும் பார்த்தேன். எல்லாம் கட்டை. அப்படியானால் பாறைவளவில் நிற்கும் பாலத்திலும் கட்டைதானே? என் கணவர், உன் ஐயா, போட்ட வரைபடத்தில் அரையங்குல இரும்பு போல்ட் என்று இருக்கிறது. இருபத்து நான்கு போல்ட் நான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக என் கண்ணை மறைத்திருக்கிறாய்.

நவம்பர் 20ஆம் தேதி சென்னைத் திட்ட அலுவலகத்திலிருந்து இன்ஜினீயர் பாலத்தைப் பார்க்க வருகிறார். இரண்டு மழைக்காலம் நின்று, வரைபடத்தில் உள்ளபடியே இருந்தால்தான் இரண்டாம் கட்ட உதவி. அது கிடைத்தால்தான் இரும்பு அச்சு செய்து, மலையில் இன்னும் நாற்பது ஓடைகளுக்குப் பலகை வார்க்க முடியும். இல்லையென்றால் ஐயாவின் பாலம் பாறைவளவோடு முடிந்தது. அதனால் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு போல்ட் பூட்டப் போகிறேன். அவை எங்கே இருக்கின்றன என்று எழுது.

பெரியநாயகி

*

மத்திய சிறை, கடலூர்,
17.10.1987

அம்மாவுக்கு சுப்புராயன் வணக்கம்.

உங்கள் கடிதம் எட்டு நாள் கழித்துக் கைக்கு வந்தது. வருவதையும் போவதையும் இங்கே ஒருவர் படித்துப் பார்ப்பார். அதனால் எல்லாவற்றையும் எழுத முடியாது.

முதலில் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். உங்கள் பலகையில்தான் ஜீப் வந்தது என்று என்னை ஏற்றும்போதே பார்த்தேன். வண்டி அதன்மேல் ஏறும்போது அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. நான் வார்த்த பலகை. கூட இருந்தவர்களும் பார்த்தார்கள். இங்கே வந்து ஒரு மாதமாக அதே கிண்டல்தான். "ரோட்டை வெட்டுனது நாம, பாலம் போட்டது உங்கம்மா. நல்ல கூட்டுக் கம்பெனிடா" என்கிறார் எங்கள் தெருப் பழனி. நான் சண்டை போடவில்லை. என்ன சொல்லிச் சண்டை போட?

ஆனால் வேன் திரும்பட்டும் என்று நீங்கள் சொன்னதாக எழுதிய இடத்தைப் படித்ததும் நம்பிவிட்டேன். வேறு யார் சொன்னாலும் சாக்கு என்று நினைத்திருப்பேன். அணை வேலையில் ஒரு தடவை மேஸ்திரி பலகையை எடுத்துவிட, இரண்டு ஆட்கள் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் பூராவும் மாட்டிக்கொண்டதை ஐயா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். எதிரில் போலீஸ் வந்தாலும் எமன் வந்தாலும் நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள். பழனிக்கும் படித்துக் காட்டினேன். "இன்னா பொம்பளடா அது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பள்ளம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பதடி அகலம் என்று கேள்விப்பட்டேன். பத்தடிப் பலகைக்கு இரண்டு பக்கமும் அரையடி தாங்கல் வேண்டுமே, அந்த அளவு. வெட்டியவன் கைப்பழக்கம் போலிருக்கிறது.

போல்ட் சிமெண்ட் அறையில் பச்சை டிரம்முக்குப் பின்னால் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. இருபத்து நாலும் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள், எண்ணுவீர்கள் என்று தெரியும். ஆனால் பூட்டாதீர்கள். இரும்பு பூட்டினால் பலகையின் மூலையில் துளை போட்ட காது தாங்காது. அதனால்தான் வேங்கைக் கட்டையில் முளை செதுக்கினேன். சொன்னால் ஐயா போட்ட படத்தில் கை வைக்காதே என்பீர்கள். அதனால் தார் பூசினேன். ஏமாற்றியது தப்புதான். முளை தப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு உதவி கேட்டு மனு எழுதிய அன்று தபால் ஆபீசுக்கு நான்தான் எடுத்துப் போனேன். வழியில் படித்தேன். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் ஐயா பெயர். அது நியாயம். கீழே வேலையாட்கள் என்ற கட்டத்தில் 4 என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாலில் ஒருத்தன் நான். வெறும் 4.

மறியலுக்கு முந்தின நாள், பாலம் முடியட்டும் அப்புறம் ரோட்டில் உட்காரு என்றீர்கள். "பாலம் எம்பொண்ணுக்கு டீச்சர் டிரெய்னிங்ல சீட்டு வாங்கித் தருமாம்மா?" என்று கேட்டேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தீர்கள். எங்களையும் தனியாகப் பெயர் சொல்லி எண்ணுங்கள் என்றுதான் அம்மா ரோட்டில் உட்கார்ந்தோம். வேறு ஒன்றும் இல்லை.

சுப்புராயன்

*

கள்ளக்குறிச்சி,
26.10.1987

சுப்புராயனுக்கு,

போல்ட் கிடைத்தது. இருபத்து நான்கு.

4 என்று எழுதியது நான்தான். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம்தான் இருந்தது, பெயர் எழுத இடமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன். இதில் என் தப்பு என்ன என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். தப்பு இல்லை என்றால் எதற்காக மூன்று நாள் யோசிக்கிறேன் என்றும் தெரியவில்லை.

உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. உன் மனைவி அஞ்சலை நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் இருந்த நேரம் முழுக்க அவள் உட்காரவே இல்லை. உன் கடிதத்தில் இருந்ததைச் சொல்லி, எடுக்காமல் விட்டது நான்தான், ஆனால் பிடித்துக் கொடுக்கவில்லை என்றேன்.

"அந்தாளு எழுதுச்சி, படிச்சேம்மா. நீங்க வுட்டீங்க, அவங்க வந்தாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வூட்ல ஆம்பள இல்ல, அவ்ளோதான்" என்றாள்.

உன் மகள் செல்வி உள்ளே ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எழுத்து நன்றாக இருக்கிறது. வரிகள் மட்டும் மேல்நோக்கி ஏறுகின்றன. கோடு போட்டுக்கொண்டு எழுதச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் பார்வை.

முளையைப் பற்றி நீ எழுதியதை ஒப்புக்கொள்ள எனக்குக் காரணம் போதவில்லை. என் கணவர் முப்பத்தோரு வருடம் ஓவர்சியராக இருந்தவர். காய்ச்சலோடு படுக்கையில் சாய்ந்துகொண்டு அந்த வரைபடத்தைப் போட்டார். போல்ட் என்று எழுதினால் ஏதோ கணக்கு இருக்கும். நீ எட்டாவது வரை படித்தவன். ஓடையில் எத்தனை வெள்ளம் வந்தது, எத்தனை பேர் கடந்தார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் அறிக்கை அனுப்பியிருக்கிறேன்; அதில் எல்லாம் 'வரைபடத்தின்படி' என்று கையெழுத்து போட்டிருக்கிறேன். உன் கட்டையால் அந்தக் கையெழுத்து பொய்யாகிவிட்டது. அதைச் சரி செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி போல்ட் பூட்டுவதுதான்.

அடுத்த வாரம் மழை விட்டதும் அம்மாசியையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு பாறைவளவுக்குப் போகிறேன்.

பெரியநாயகி

*

மத்திய சிறை, கடலூர்,
31.10.1987

அம்மா,

இதைக் கெஞ்சிச் சீக்கிரம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் புறப்படுவதற்குள் வந்து சேர வேண்டும்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். மழை பெய்கிறது, ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும். இப்போது இரும்பு பூட்டினால் ஆட்கள் சாவார்கள்.

உங்களிடம் மறைத்த இன்னொன்றையும் சொல்கிறேன். எண்பத்தைந்தில் பாலத்தை மலைக்குக் கொண்டு போவதற்கு முன்னால் பட்டறை வாசலில் போல்ட் பூட்டித்தான் பார்த்தேன். நீங்கள் அன்று விழுப்புரம் போயிருந்தீர்கள். தண்ணீர் தள்ளுவதுபோல் கடப்பாரை போட்டு ஒரு பக்கம் நெம்பினோம். காது தெறித்துவிட்டது. பலகை ஒன்றரை அங்குல கனம்தானே, உள்ளே கோழி வலையும் மெல்லிய கம்பியும்தானே. இரும்பு அசையாது, அதனால் பலகை உடைகிறது. கட்டை நசுங்கும், பலகை தப்பிக்கும். நசுங்கிய முளையைத் தட்டி எடுத்துவிட்டு வேறு முளை அடிக்கலாம். உடைந்த பலகையை என்ன செய்வது? உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டு, நீங்கள் வருவதற்குள் வேறு வார்க்க ஆரம்பித்தேன்.

ஐயா இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்துப் படத்தில் திருத்தியிருப்பார். எத்தனை முறை திருத்தியிருக்கிறார். நீங்கள் அதன்மேல் பேனாவால் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டிவிட்டீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பட்டறையில் ஒரு மூலைக்கு போல்ட், இன்னொரு மூலைக்கு முளை பூட்டி, கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். கண்டதை எழுதுவேன் என்று எழுதினீர்களே. காணுங்கள்.

இங்கே சுவருக்குச் சுவர் பதினாறு தப்படி. இன்று எத்தனை முறை நடந்தேன் என்று தெரியவில்லை. "உக்காருடா, தல சுத்துது" என்கிறார் பழனி.

சுப்புராயன்

*

கள்ளக்குறிச்சி,
6.11.1987

சுப்புராயனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆட்களை வரச் சொல்லியிருந்த நாள் இன்று. மலைக்குப் போகவில்லை.

காலை ஒன்பது மணிக்கு நீ சொன்னபடி செய்தோம். முளை பூட்டிய மூலையை முதலில் நெம்பச் சொன்னேன். இருபது தடவை நெம்பினார்கள். முளை நசுங்கியது, காதில் கீறல்கூட இல்லை. பிறகு போல்ட் பூட்டிய மூலை. மூன்றாவது நெம்பலில் காது தெறித்து அம்மாசியின் கால்மேல் விழுந்தது. காயம் பெரிதல்ல, கட்டுப் போட்டு அனுப்பினேன். நம்பிக்கை போதாமல் இன்னொரு மூலையிலும் செய்யச் சொன்னேன். அதுவும் தெறித்தது. மாற்றுப் பலகை ஒன்று வீண்.

"நிறுத்திக்கலாம்மா" என்று அம்மாசி சொன்ன பிறகுதான் மூன்றாவது மூலைக்கும் போல்ட்டை எடுத்து என் கையில் வைத்திருப்பது தெரிந்தது.

பிறகு சுவரிலிருந்து வரைபடத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றினேன். நான் பேனாவால் போட்ட கோடுகளுக்கு அடியில் அவருடைய பென்சில் கோடுகள் இருக்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. போல்ட் என்று அவர் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. நகல் எடுக்கும்போது அதைப் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. பார்த்திருப்பேன். காய்ச்சலில் கை தவறிப் போட்டது என்று விட்டிருப்பேன்.

வரைபடம் திருத்தப்பட வேண்டும். இந்த ஒரு வரியை எழுத எனக்குக் காலையிலிருந்து இந்நேரம் ஆயிற்று.

முளையின் அளவு, மரம், தார் பூசும் முறை எல்லாவற்றையும் விவரமாக எழுது. இன்ஜினீயர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும். கட்டை என்று அவரிடம் மறைக்கப் போவதில்லை.

பெரியநாயகி

*

மத்திய சிறை, கடலூர்,
12.11.1987

அம்மாவுக்கு வணக்கம்.

அம்மாசி காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அவன் ஊசி என்றால் ஓடிவிடுவான்.

முளை பற்றி எழுதுகிறேன். வேங்கையில் நடுவைரம் மட்டும் எடுக்க வேண்டும், வெளிப்பக்க வெள்ளை ஆகாது. ஒரு சாண் நீளம். தலை ஒரு விரல் கனம், நுனி அரை விரல். அந்த அரை விரல் சாய்வுதான் சூட்சுமம். காய்ந்த நாளில் அடித்தால் மழையில் ஊறித் தானாக இறுகும். தார் தலைக்கும் நுனிக்கும் மட்டும் பூசினால் போதும், நடுவில் பூசினால் ஊறாது. உங்கள் கண்ணுக்காகத்தான் வெளியே தெரிகிற இடம் பூராவும் பூசினேன். இனி வேண்டாம்.

வெயில் காலத்தில் முளை சுருங்கித் தளரும். அப்போது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு உருண்டைக் கல் வைத்து, வேடியப்பனிடம் சொன்னேன்: கடக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு முளையைத் தட்டிவிட்டுப் போங்கள் என்று. அவர்கள் சொன்ன சொல் மாறாமல் செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தட்டாமல் கால் வைக்கத் தெரியாது. பாலத்துக்கு அதுதான் மராமத்து.

நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, மலைமக்கள் பாலத்தைக் கல்லால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதியதாக அம்மாசி சொன்னான். நான் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கும்பிட வேண்டாம், கல்லை எடுத்து எறியுங்கள் என்று ஒரு தடவை வேடியப்பனைத் திட்டினீர்களாம். அவர் எறிந்துவிட்டு, நீங்கள் இறங்கிப் போனதும் வேறு கல் தேடி வைத்தார்.

மனுவில் பெயர் பற்றிக் கோபமாக எழுதிவிட்டேன். இப்போது யோசித்துச் சொல்கிறேன். ஐயா பெயரே இருக்கட்டும். ரோட்டை வெட்டியதாகக் கேஸ் இருக்கிறவன் பெயரை எழுதினால் எந்த ஆபீசர் காசு கொடுப்பான்? நாற்பது ஓடைக்குப் பாலம் வரட்டும். அதில் நூறு தூளி கடக்கட்டும். என் பெயர் எங்கே போனால் என்ன.

ஜாமீன் மறுபடியும் தள்ளிவிட்டார்கள். செல்விக்கு இந்த வருடமும் சீட்டு இல்லை என்று அஞ்சலை வந்தபோது சொன்னாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, மார்க் எவ்வளவு கம்மி என்று விரலைக் காட்டினாள். மூன்று விரல்.

சுப்புராயன்

*

கள்ளக்குறிச்சி,
23.11.1987

சுப்புராயனுக்கு,

இன்ஜினீயர் வெள்ளிக்கிழமை வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். மழைக்கோட்டும் புது பூட்சும். கச்சிராயபாளையத்துக்கு மேல் ஜீப் சேற்றில் நின்றுவிட்டது. கடைசி மூன்று மைல் நடந்தோம். அறுபத்தேழு வயதில் நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார்.

ஓடை பலகைக்கு ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு மரத்தண்டு அடித்து வந்து தாங்குகல்லில் மோதியது. பாலம் முனகியது; அசைந்தது; நின்றது. அக்கரையிலிருந்து வேடியப்பன் மகள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். குனிந்து கல்லை எடுத்தாள். ஒரு முளையைத் தட்டினாள், கல்லை வைத்துவிட்டுக் கடந்தாள். என்ன செய்கிறாள் என்று இன்ஜினீயர் கேட்டார். மராமத்து என்றேன். முன்பு நான் அனுப்பிய அறிக்கையில் அதைத் தவறாக எழுதியிருக்கிறேன் என்பதையும் அங்கேயே சொன்னேன்.

அவர் மண்டியிட்டு ஒவ்வொரு முளையாகப் பார்த்தார். படத்தை விரித்தார். "படத்துல போல்ட், இங்க கட்டை. எதும்மா சரி?" என்றார். கட்டை என்றேன். பட்டறையில் உடைந்த காதை ஒரு பையில் கொண்டு போயிருந்தேன், எடுத்துக் காட்டினேன். கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். எங்கே இருக்கிறார் என்றார். அதையும் சொன்னேன்.

திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னார். நல்ல பையன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "பழைய மனுவுல உங்க வீட்டுக்காரர் பேர்தானே இருக்கு. கட்டையையும் அதுலயே சேர்த்துடுங்க. ஃபைல் சுலபமா நகரும். கேஸ்ல இருக்கிறவர் பேர் வந்தா கமிட்டி கேள்வி கேக்கும். திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடும்."

நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய். நீங்கள் இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அது வசதி. நான்கு வருடமாக நான் இந்தப் பட்டறையை நடத்துவதே என் கணவர் பெயர் ஒரு பாலத்தின்மேல் நிற்க வேண்டும் என்றுதான். அதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு விடை எழுதியவன் நீ. கேள்வி கேட்டவர் பெயரையே விடைக்கும் எழுதினால் அது பொய் அறிக்கை. இரண்டு வருடம் தெரியாமல் பொய்க் கையெழுத்து போட்டேன். தெரிந்து போட மாட்டேன்.

இன்ஜினீயர் புதுப் படிவம் கொடுத்துவிட்டுப் போனார். பலகை என்ற வரியில் என் கணவர் பெயரை எழுதிவிட்டேன். பூட்டும் முறை என்ற வரியில் உன் பெயரை எழுத உட்கார்ந்தேன். சுப்புராயன் என்று எழுதினேன். அடுத்த கட்டம் தகப்பனார் பெயர். பேனா நின்றுவிட்டது. நீ எங்களிடம் பதினோரு வருடம் வேலை செய்திருக்கிறாய். உன் மகளின் கையெழுத்தில் குறை சொல்கிறேன். உன் தகப்பனார் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை.

அஞ்சலையிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். உங்கள் தெரு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அது நீ சொல்ல வேண்டிய பெயர். அந்தக் கட்டத்தில் பெயர் வர வேண்டுமா என்பதும் நீ சொல்ல வேண்டியது. கமிட்டி திருப்பி அனுப்பலாம். அப்படி வந்தால் மறுபடியும் அனுப்புவேன். வேண்டாம் என்று நீ சொன்னால் அந்த வரியை வெறுமையாக விட்டு அனுப்புவேன். அவர்கள் கோப்பை மூடுவார்கள், நாற்பது ஓடைகளும் அப்படியே கிடக்கும். என் கணவர் பெயர் அந்த வரியில் வராது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. என்ன செய்வேன் என்பதை முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று நாளாக மழை விடவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறேன். நீ பதினாறு தப்படி என்று எழுதியிருந்தாய். இங்கே இருபத்தொன்று.

படிவம் டிசம்பர் 20ஆம் தேதிக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். சம்மதமா இல்லையா என்பதையும், உன் தகப்பனார் பெயரையும் உன் கையால் எழுதி அனுப்பு.

பெரியநாயகி